மீன் டேங்கை ரீஃப் ஆக்க எந்த லைட்: பிளாக் பாக்ஸா, டி5 ட்யூபா?

அலைவாய்: டேங்க் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், தண்ணீர் உயரம் 18 அங்குலம். இதுவரை மீன் மட்டும்தான். மேலே இருப்பது சாதா வெள்ளை எல்இடி ட்யூப் இரண்டு. இனி கோரல் (பவளம்) வைத்து ரீஃப் டேங்க் ஆக்கலாம் என்று திட்டம். இடம் சென்னை. லைட்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியாது. 165 வாட் பிளாக் பாக்ஸ் (கருப்புப் பெட்டியாக வரும் எல்இடி லைட்) இரண்டா, 54 வாட் டி5 (ஒல்லியான ஃப்ளோரசன்ட் ட்யூப்) நான்கா?

நீலவாட்: யோசிக்கவே வேண்டாம், பிளாக் பாக்ஸ் இரண்டு. 165 வாட் என்பது 55 எல்இடியை மூன்றால் பெருக்கிப் போட்ட கணக்கு, உண்மையில் இழுப்பது 100 முதல் 120 வாட்தான். நீலம் தனி டிம்மர், வெள்ளை தனி டிம்மர். நீலம் 50 சதவீதம், வெள்ளை 10 வைத்தால் இரண்டும் சேர்ந்து 70 வாட் பக்கம்தான் வரும். தண்ணீரிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் தொங்க விடுங்க.

ட்யூப்சாமி: நீலவாட் சார் 25 செ.மீ. என்று சுலபமாகச் சொல்லிட்டார். அந்தப் பெட்டியில் வரும் லென்ஸ் பெரும்பாலும் 90 டிகிரி. அந்த உயரத்தில் பெட்டிக்கு நேர் கீழே வெளிச்சம் கொட்டும், இரண்டு பெட்டிக்கு நடுவிலும் ஓரத்திலும் பாதிகூட இருக்காது. ஒரே பாறையில் ஒரு பக்கம் கோரல் வெளுக்கும், மறுபக்கம் பழுப்படிக்கும். டி5 நான்கு ட்யூப், ஒவ்வொன்றுக்கும் தனி ரிஃப்ளெக்டர் என்று போட்டால் 4 அடிக்கும் சீராக விழும், பாறைக்கு அடியில் நிழலும் குறையும்.

நீலவாட்: வெளிச்சம் ஒரே இடத்தில் குவிவது உண்மைதான். 35, 40 செ.மீ.க்கு ஏற்றினாலே பரவிவிடும். நான்கு டி5 என்றால் சோக் நஷ்டத்தோடு 230 வாட். ஒன்பது மணி நேரம் ஓடினால் தினம் இரண்டு யூனிட். மே மாதத்தில் தண்ணீர் தானாகவே 30 டிகிரி தாண்டும் ஊர் இது, மேலே அந்தச் சூடு வேறயா? சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்) விலை இந்த பட்ஜெட்டில் எங்கே வருகிறது? ட்யூபையும் 9 முதல் 12 மாதத்தில் மாற்றியாகணும். எரிந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் நிறம் நகர்ந்து பாசிக்குச் சாதகமாகிவிடும்.

ட்யூப்சாமி: மலிவு பெட்டி மட்டும் சாகாதா? உள்ளே இருக்கும் சின்ன ஃபேனில் உப்பு படிந்து நின்றால் ஹீட் சிங்க் கொதிக்கும், எல்இடிக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் டிரைவர் போகும். எல்இடி எல்லாம் சரம் சரமாக சீரீஸில். ஒன்று ஓபன் ஆனால் அந்தச் சரமே இருட்டு. மாசம் ஒரு தடவை ஃபேனைத் துடைக்கணும் என்று விற்பவர் யாராவது சொல்கிறாரா?

முத்துக்குளி: இரண்டு பேரும் அக்ரோபோரா (கடும் வெளிச்சம் கேட்கும் கல் பவளம்) வளர்க்கும் வெளிச்சத்துக்குச் சண்டை போடுறீங்க. கல் பவளம் அத்தனையும் 2001-இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கு. கடல் விசிறி, கரும்பவளம், நெருப்புப் பவளமும் அதில் அடக்கம். மன்னார் வளைகுடாவில் எடுத்த துண்டை யார் கொடுத்தாலும் தொடாதீங்க. மிச்சம் இருப்பது மஷ்ரூம், ஜோவாந்திட், லெதர் மாதிரி கல் கூடு இல்லாத சாஃப்ட் வகைகள். அவற்றுக்குப் பாறை மட்டத்தில் பிஏஆர் (ஒளிச்சேர்க்கைக்கு உதவும் வெளிச்சத்தின் அளவு) 50 முதல் 120 போதும். மஷ்ரூமை 50 பக்கம் கீழேயே வைக்கலாம். 250, 300 என்பது இந்த டேங்குக்குச் சம்பந்தமில்லாத எண்.

ட்யூப்சாமி: அப்படியானால் என் கட்சிதான் பலமாகுது. நான்கு வேண்டாம், இரண்டு ட்யூப் போதும், 108 வாட். ஒன்று ஆக்டினிக் எனும் அடர் நீலம், ஒன்று 12,000 கெல்வின் பக்கம் வெள்ளை.

நீலவாட்: 108 வாட்டும் என் 70 வாட்டைவிட அதிகம்தானே. வருஷா வருஷம் ட்யூப் செலவு அப்படியேதான் நிற்கிறது.

சால்டர்குச்சி: கை வேலை தெரிந்தால் மூன்றாவது வழி இருக்குங்க. 48 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (டிசி பவர் சப்ளை) ஒன்று, மீன் வெல் எல்டிடி-700எச் டிரைவர் மூன்று. ராயல் ப்ளூ 12 எல்இடி கொண்ட சரம் இரண்டு, கூல் வொயிட் சரம் ஒன்று. ஒரு எல்இடிக்கு 3.2 வோல்ட் வைத்தால் சரத்துக்கு 38, டிரைவருக்குத் தேவையான இடைவெளி தாராளமாக இருக்கு. மொத்தம் 80 வாட். 4 அடிக்கும் பரப்பி ஒட்டுவதால் ட்யூப்சாமி அண்ணன் சொன்ன பிரச்சினையும் வராது. ஒன்றே ஒன்று: டிரைவரின் எல்இடி மைனஸை சப்ளை மைனஸோடு சேர்த்துடாதீங்க. வயரைக் குறைக்கலாம் என்று பலரும் செய்வது அதுதான், டிரைவர் போயிடும்.

அலைவாய்: சால்டரிங் நமக்கு ஆகாது. பிளாக் பாக்ஸ் என்றே வைத்துக்கொள்கிறேன். பிஏஆர் மீட்டர் கிடையாது, ஃபோனில் லக்ஸ் ஆப் போதுமா?

நீலவாட்: நீல வெளிச்சத்தில் அந்த ஆப்பை நம்பவே கூடாது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணின் கணக்கு, பச்சையில்தான் உச்சம். 450 நானோமீட்டர் நீலத்துக்கு அந்த உச்சத்தில் 4 சதவீத மதிப்புதான். கோரலுக்கு உள்ளே இருக்கும் பாசி அதிகம் உறிஞ்சுவதோ அந்த நீலத்தை. மீட்டர் இல்லாவிட்டால் நீலத்தை 20 சதவீதத்தில் தொடங்கி வாரம் 5 ஏற்றுங்க, 50-இல் நிறுத்திடுங்க. ஜோவாந்திட் தண்டு நீண்டால் வெளிச்சம் போதவில்லை. மஷ்ரூம் சுருங்கி வெளுத்தால் அதிகம்.

முத்துக்குளி: தம்பி, லைட் ஆர்டர் போடும் முன் ஒரு கேள்வி. இந்த டேங்கில் வெள்ளைப்புள்ளி நோய்க்கு எப்போதாவது காப்பர் மருந்து ஊற்றினதுண்டா? மீன் கழிவால் ஏறும் நைட்ரேட் எவ்வளவு?

அலைவாய்: காப்பர் ஊற்றியிருக்கு அண்ணே. நைட்ரேட் 60 பிபிஎம்.

முத்துக்குளி: அப்போ லைட்டை விடுங்க. காப்பரைப் பாறையும் மணலும் பிடித்து வைத்திருக்கும், பிறகு மெல்ல மெல்ல விடும். மீன் தாங்கும், முதுகெலும்பில்லாதது எதுவும் தாங்காது. டெஸ்ட் கிட் பூஜ்யம் காட்டினாலும் அந்தப் பழைய மணல் வேண்டாம், பாறையையும் மாற்றுவதுதான் உத்தமம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியே எடுத்தால் நன்மை செய்யும் பாக்டீரியாவும் சேர்ந்து போய் அம்மோனியா ஏறும். புதுப் பாறையை முதலில் வேறொரு தொட்டியில் சைக்கிள் பண்ணிட்டு (அந்த பாக்டீரியா வளர விட்டு) மாற்றுங்க. பிறகு காப்பர் உறிஞ்சும் ரெசின் இரண்டு வாரம். அதற்கு மேல் நத்தை இரண்டு விட்டுப் பாருங்க. நைட்ரேட் 60-இல் புது நீல வெளிச்சம் போட்டால் முதலில் வளர்வது முடிப்பாசிதான், தண்ணீர் மாற்றி மாற்றி 10-க்குக் கொண்டு வாங்க.

ட்யூப்சாமி: நத்தை பிழைத்த பிறகு வாங்க, ட்யூபா பெட்டியா என்று அப்போது பேசிக்கலாம். நான் இன்னும் ஒத்துக்கவில்லை.