பழ மை காய்ச்சியவர்கள் சொல்லுங்கள்: உங்கள் நிறம் என்ன ஆனது?

ஊதாவிரல்:

மல்பெரிப் பழத்தில் மை காய்ச்சினேன். இரண்டு கை நிறையப் பழம், அது மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், கொஞ்சம் வினிகர், ஒரு சிட்டிகை உப்பு. கண்ணாடிப் பாத்திரத்தில் இளஞ்சூட்டில் அரை மணி நேரம் வைத்து, மசித்து, மெல்லிய மல் துணியில் வடிகட்டினேன். வடிந்ததை மறுபடியும் அடுப்பில் ஏற்றிப் பாதியாகச் சுண்ட வைத்தேன். கிண்ணத்தில் பார்த்தபோது அப்படியொரு கருஞ்சிவப்பு. விரலில் ஒட்டியது மூன்று நாள் போகவில்லை. இந்தப் புனைபெயர் அன்று வைத்துக்கொண்டதுதான்.

நிப்பைத் தொட்டுத் தோழிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஈரமாக இருக்கும்வரை வரி சிவப்பாக இருந்தது. ‘அன்புள்ள’ காய்வதற்குள் ஊதாவாகிவிட்டது. இரண்டாம் பத்திக்கு வந்தபோது முதல் பத்தி அடுப்புச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. யாரோ என் பின்னாலேயே வந்து நிறத்தைத் துடைத்துக்கொண்டு போவதுபோல் இருந்தது. வீம்புக்கு நான்கு பக்கமும் எழுதி அனுப்பிவிட்டேன்.

அதே மையில் ஓவியத் தாளில் ஒரு கிளையும் பழங்களும் வரைந்தேன். அது நன்றாகவே வந்தது. ஜன்னலோரம் மாட்டினேன். ஐந்து வாரத்தில் பழங்கள் தேநீர்க் கறையாகிவிட்டன. நான்தான் ஏதோ தப்புச் செய்கிறேனா, இல்லை எல்லாருக்கும் இதே கதைதானா? செய்முறைக் குறிப்பு வேண்டாம், அது எங்கே தொட்டாலும் கிடைக்கிறது. உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

தொட்டெழுதி:

மையைத் திட்டாதீர்கள், தாளைப் பிடியுங்கள்.

இப்போது வரும் எழுதும் தாள்களில் பெரும்பாலானவற்றில் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல் தூள், கலந்திருக்கிறது. தாள் வெளுப்பாக இருக்கவும், நாளாவட்டத்தில் மஞ்சளித்து நொறுங்காமல் இருக்கவும் அது உதவும். மல்பெரி, பிளாக்பெரி, நாவல் மூன்றுக்கும் நிறம் தருவது ஆந்தோசயனின். அமிலம் பட்டால் அது சிவக்கும், நடுநிலையில் ஊதாவாகும், காரம் பட்டால் நீலமாகும், காரம் இன்னும் ஏறினால் பச்சைக்குப் போகும். நீங்கள் வினிகர் ஊற்றிச் சிவப்புப் பக்கம் இழுத்தீர்கள், தாள் நீலப் பக்கம் இழுத்துக்கொண்டது.

எனக்கு இது தெரியவந்த விதத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரே பிளாக்பெரி மையில் இருபது வாழ்த்து அட்டைகள் எழுதினேன். பத்து ஒரு கட்டிலிருந்து, பத்து வேறொரு கட்டிலிருந்து எடுத்தவை. காலையில் பார்த்தால் பத்து இளஞ்சிவப்பு, பத்து நீலச்சாம்பல். மை கெட்டுவிட்டது என்று முழுப் புட்டியையும் கொட்டிவிட்டேன். பல மாதம் கழித்து, விளிம்பெல்லாம் பழுப்பேறிய ஒரு பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதே மையில் நிப் சரிபார்க்கக் கிறுக்கியது கண்ணில் பட்டது. இன்னும் இளஞ்சிவப்பு! அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை. புதிதாக மை காய்ச்சி, வீட்டிலிருந்த தாள்களையெல்லாம் துண்டு துண்டாகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கோடு இழுத்தேன். ஒன்பது தாள், ஐந்து நிறம்.

தூரிகையும் காட்டிக்கொடுக்கும். சோப்புப் போட்டுக் கழுவிச் சரியாக அலசாத தூரிகையை மையில் விட்டுப் பாருங்கள், நுனி நீலம் பாரித்துவிடும். சோப்பு காரம். கடின நீரும் இதே வேலையைச் செய்யும் என்பதால் காய்ச்சி வடித்த நீரில்தான் நான் மை கரைக்கிறேன்.

1664-இல் வேதியியலாளர் ராபர்ட் பாயில் நிறங்களைப் பற்றி எழுதிய நூலில், வயலட் பூச்சாற்றுப் பாகு அமிலத்தில் சிவந்து காரத்தில் பச்சையாவதைக் குறித்துவைத்தார். அவர் அதை வைத்து எது அமிலம், எது காரம் என்று பிரித்தறிந்தார். நான் இருபது வாழ்த்து அட்டைகளைப் பாழாக்கினேன்.

கறைத்துணி:

நீங்களெல்லாம் நிறத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். என் கதை சத்தத்தைப் பற்றியது.

காய்ச்சினால் நிறம் மங்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, பழத்தைப் பச்சையாகவே பிழிந்து வடிகட்டி, கண்ணாடிப் புட்டியில் கழுத்துவரை ஊற்றி, மூடியை இறுக்கி அலமாரியில் வைத்தேன். நான்காம் நாள் இரவு ‘டப்’ என்று ஒரு சத்தம். விளக்கைப் போட்டால் மூடி ஒரு மூலையில், மை மூன்று சுவரில். பழத்தோலிலேயே ஈஸ்ட் உண்டு, சாறு முழுக்கச் சர்க்கரை. நொதித்து வாயு நிறைந்தால் புட்டி என்ன செய்யும், பாவம்.

தொட்டெழுதி அவர்களே, உங்கள் சுண்ணாம்புக் கதையை நான் அன்றே கண்ணால் பார்த்துவிட்டேன். என் சுவர் வெள்ளையடித்த சுவர். சிவப்பாகத் தெறித்த துளிகள் விடிவதற்குள் மயில்நிறத்துக்குப் போய்விட்டன. இரண்டு பூச்சு அடித்தும் அந்த இடம் இன்னும் லேசாகத் தெரிகிறது. வருகிறவர்கள் கேட்டால் ஓவியம் என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

அதற்குப் பிறகு காய்ச்சாமல் நான் எதையும் மூடுவதில்லை. ஆறியதும் இரண்டு சொட்டுக் கிராம்புத் தைலம், சிறு சிறு புட்டிகள், குளிர்பெட்டி. அப்படியும் சில வாரத்தில் மேலே வெள்ளைப் பூஞ்சை படரும். அதை எடுத்தெறிந்துவிட்டு எழுதலாம் என்பவர்கள் உண்டு. அந்த நாற்றம் தாங்குகிறவர்கள் எழுதட்டும்.

சர்க்கரையால் இன்னொரு தொல்லையும் உண்டு. அதிகமாகச் சுண்ட வைத்த மை காய்ந்ததுபோல் நடிக்கும். நோட்டை மூடி வைத்தேன். ஒரு மழைநாளில் திறந்தால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு, பிரித்ததும் இடப்பக்க எழுத்து வலப்பக்கம் கண்ணாடி பிம்பமாக வந்துவிட்டது. எறும்பு வந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஒரே நல்ல விஷயம் வடிகட்டிய துணி. துவைக்கச் சோம்பி அப்படியே உலர்த்தி, ஒரு டப்பாவில் போட்டு மறந்துவிட்டேன். ஐந்தாறு மாதம் கழித்து அதில் நகமளவு வெட்டி, நாலு சொட்டு நீரில் ஊறவைத்தால் தெளிவான ஊதா. புட்டி மை எல்லாம் பூத்துப்போன பிறகும் துணி மை இருந்தது. பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்: இடைக்கால ஐரோப்பாவில் சுவடிகளுக்கு வண்ணம் தீட்டியவர்கள் இதையே முறையாகச் செய்திருக்கிறார்கள். சாற்றில் துணியைத் தோய்த்து உலர்த்தி, திரும்பத் திரும்பத் தோய்த்துப் பத்திரப்படுத்தி, வேண்டியபோது ஒரு துண்டை நனைத்துப் பிழிந்துகொள்வார்கள். ஃபோலியம் என்று அவர்கள் சொன்ன ஊதா நீலம் குரோசோஃபோரா டிங்டோரியா என்ற செடியின் சிறு காய்களிலிருந்து வந்தது. அந்த நீலத்தின் மூலக்கூறு அமைப்பைப் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் 2020-இல்தான் கண்டறிந்து வெளியிட்டார்கள். என் சோம்பலுக்கு இவ்வளவு பெரிய பரம்பரை இருப்பது எனக்குத் தெரியாது.

பசலைக்கொடி:

ஒரு சின்னக் குறிப்பு. கொடிப்பசலையின் கறுத்த பழங்களை நசுக்கினால் அசல் மை போலவே அடர்ந்த ஊதாச்சிவப்பு வரும். நானும் ஆசையோடு காய்ச்சினேன். அடுப்பிலேயே நிறம் செத்து, அழுக்குப் பழுப்பானது. காரணம், அதில் இருப்பது ஆந்தோசயனின் கிடையாது, பீட்டாலைன் வகை. பீட்ரூட்டின் நிறம் சேர்ந்த அதே குடும்பம். சூடு அதற்கு ஆகாது. பிழிந்தோமா, அன்றே வரைந்தோமா என்று முடித்துவிட வேண்டும். எல்லாப் பழத்துக்கும் ஒரே முறை என்று நினைத்து நான் அரைக் கூடையை வீணாக்கினேன்.

அன்னபேதி:

கடிதம் நிற்க வேண்டுமென்றால் இரும்பு சேருங்கள். மற்றதெல்லாம் பொழுதுபோக்கு.

துருப்பிடித்த ஆணி நாலைந்தை வினிகரில் ஒரு வாரம் ஊறப்போட்டேன். அந்த நீரில் சில சொட்டு, பிளாக்பெரி மையில். நான் கலக்கி முடிப்பதற்குள் ஊதா போய்க் கருஞ்சாம்பல். பழத்தில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு இரும்பு சேர்ந்து கொடுக்கும் கறுப்பு அது. மாசிக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் போட்டுக் காய்ச்சும் பழைய மையின் ஏழைத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டு மறுநாள் கறுக்கும். மூன்று வருடமாகியும் என் குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது.

முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை கணக்கில்லாமல் ஊற்றிவிட்டேன். ஒரு வருடத்தில் தாள் எழுத்தின் வழியே விரிசல் விட்டது. மை தங்கி நின்ற சுழிகளில் ஓட்டை. ‘ழ’வெல்லாம் பொத்தலாகிவிட்டது. இசையமைப்பாளர் பாக் தன் கையால் எழுதிய இசைப் பிரதிகளில் பலவும் இப்படி இரும்பு மை அரித்து, பாதுகாப்பாளர்கள் பெரும்பாடுபட்டுச் செப்பனிட்டவைதான். ஆகவே சொட்டுக் கணக்கில் மட்டும்.

நிப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. புது நிப்பில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அதைச் சோப்பு நீரில் துடைத்து, நன்றாக அலசித் தொடங்குங்கள். இல்லையென்றால் மை முத்து முத்தாக விலகி ஓடும். வேலம்பிசின் சேர்க்காத பழ மை வெறும் தண்ணீர். நிப்பில் நிற்காமல் ஒரே சொட்டாகத் தாளில் விழும். நூறு மில்லிக்கு ஒரு சிறு கரண்டிப் பிசின் எனக்குச் சரியாக இருக்கிறது. எழுதி முடித்ததும் நிப்பைக் கழுவாமல் வைத்தால் பழத்தின் புளிப்பு எஃகைத் தின்றுவிடும். இதை ஊற்றுப்பேனாவில் ஊற்றிய ஒருவரை எனக்குத் தெரியும். அந்த ஒருவர் நான்தான். பிசினும் சக்கையும் உள்ளே போய் அடைத்து, அந்தப் பேனா இப்போது தாள் பறக்காமல் இருக்க மேலே வைக்கும் எடைக்கல்.

ஊதாவிரல்:

அன்னபேதி அவர்களே, இரும்பு சேர்த்த பிறகு அது பழ மையா, துரு மையா? கறுப்பு வேண்டுமென்றால் நான் பழத்தைத் தேடியே போயிருக்க மாட்டேன்.

அன்னபேதி:

பழ மை என்று சேர்த்து எழுதினால் பழமை. பழமையாகும்வரை நிற்க வேண்டாமா?

வெயில்தாள்:

இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருங்கள். அந்த ஐந்து வாரப் பழுப்பைப் பற்றி நான் சொல்கிறேன். அது என் தொழில்.

நான் வரைகிறவள். ஆரம்பத்தில் படிகாரத்தை நம்பினேன். ஒரு சிட்டிகை போட்டால் சிவப்பு குளிர்ந்து நீல ஊதாவாகத் திரும்பும், அழகுதான். கொஞ்சம் அதிகமானால் காய்ந்த பிறகு தாளில் உப்புப் பூத்ததுபோல் படிகம் மின்னும். என் ஓர் இரவுநேர ஓவியத்துக்கு அது கேட்காமலே நட்சத்திரம் வைத்தது. ஆனால் படிகாரம் போட்டதும் போடாததும் வெயிலில் ஒன்றாகத்தான் வெளுத்தன. சில வாரம் முன்னே பின்னே, அவ்வளவே.

ஒரு முறை, பிளாக்பெரி மை பூசி உலர்த்திய ஒரு முழுத் தாளை ஜன்னல் திண்டில் வைத்தேன். அதன் மேல் எப்படியோ ஒரு காய்ந்த இலை கிடந்திருக்கிறது. இரண்டு வாரம் ஊரில் இல்லை. திரும்பி வந்து இலையை எடுத்தால், வெளிறிய தாளின் நடுவே இலையின் உருவம் அடர் ஊதாவில், ஓரத்துப் பற்கள் உட்பட. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இதை ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842-லேயே பூச்சாறுகளைக் கொண்டு செய்து எழுதியிருக்கிறார் என்று பிறகு அறிந்தேன். ஆந்தோடைப் என்று பெயர். வெயில் படும் இடம் வெளுக்கும், மறைந்த இடம் நிற்கும், படம் உண்டாகும். நிலைநிறுத்தும் வழிதான் இல்லை. பார்க்க வெளிச்சம் வேண்டும், வெளிச்சமே அதைத் தின்னும். நான் என்னுடையவற்றை இருட்டான பெட்டியில் வைத்து, யாராவது வந்தால் மட்டும் எடுத்துக் காட்டுகிறேன்.

ஊதாவிரல் அவர்களே, ஓவியம் நிலைக்க வேண்டுமென்றால் அன்றே ஒளிநகல் எடுத்துவிடுங்கள். நகலைச் சுவரில் மாட்டி, மூலத்தைப் பெட்டிக்குள் வையுங்கள். எந்தப் பழம் எவ்வளவு தாங்கும் என்று அறிய, ஒரு பட்டை பூசி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வாரத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். அடையாளம் தெரியாத காட்டுப் பழத்தைக் கையில் எடுக்கும்போது மட்டும் கையுறை போடுங்கள். நல்ல மை தரும் பழங்களில் நஞ்சுள்ளவையும் உண்டு, தூரிகையை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கமும் நம்மில் பலருக்கு உண்டு.

ஊதாவிரல்:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறேன்.

தாள்களைக் கிழித்துக் கோடு போட்டேன். ஏழு தாளில் நான்கில் சாம்பல், இரண்டில் ஊதா, ஒன்றில் மட்டும் நான் கிண்ணத்தில் பார்த்த சிவப்பு. அந்த ஒன்று, ஒரு காலணிப் பெட்டிக்குள் பொதிந்து வந்த கசங்கல் தாள். அலுமினியத் தாள் சோதனையில் மூடாத பாதி இரண்டாம் வாரமே தோற்றது. வடிகட்டிய துணியையும் உலர்த்தி டப்பாவில் வைத்திருக்கிறேன். இரும்பு மட்டும் சேர்க்கவில்லை. அன்னபேதி அவர்கள் மன்னிக்கவும்.

இதற்கிடையில் தோழியிடமிருந்து பதில் வந்தது. முதல் வரியே இப்படி: “கடிதம் கிடைத்தது. அந்தச் சாம்பல் நிற மை எவ்வளவு அடக்கமாக இருக்கிறது, எங்கே வாங்கினாய்? எனக்கும் ஒரு புட்டி வேண்டும்.”

மையை அனுப்பிவிடலாம். கூடவே அந்தத் தாளிலும் ஒரு கட்டு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் சிவப்பாக எழுதிவிடுவாள்.