தலைக்கு மேல் சூரியத் தகடு: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

ஈசூன்வாசி:
சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒரு நண்பகல் மின்தடை. மின்தூக்கியும் நின்றுவிட்டது. கீழ்த்தளத்தில் ஒரு சீனப் பெரியவர் அரிசி மூட்டையோடு நின்றிருந்தார். மூட்டையை இறக்கிவிட்டு விரலை மேலே நீட்டி, "வெயில் கொளுத்துது, கூரை முழுக்கத் தகடு, லிஃப்ட் மட்டும் ஓடாதா?" என்றார். சிரித்துச் சமாளித்தேன். அவர் சிரிக்கவில்லை. நியாயமான கேள்விதானே?

தெம்பனிஸ் வயர்மேன்:
என்ன நியாயம்? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் கூரைத் தகடுகள் ஊர் மின்கட்டமைப்போடு சேர்ந்து ஓடுபவை. அங்கே மின்சாரம் போனால், தகட்டு மின்சாரத்தை நாம் பயன்படுத்தும் வகைக்கு மாற்றும் இன்வர்ட்டர் தானாக அணைந்துவிடும். அணையாவிட்டால், லைனில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கை வைப்பவர் கதி என்ன? பேட்டரி இருந்தால் வேறு கதை. மற்றபடி பகலில் மின்தூக்கி, பொது விளக்கு, தண்ணீர் பம்பு எல்லாம் அதில் ஓடும். மீந்தது கட்டமைப்புக்குப் போகும். வீட்டு பில் குறையவில்லை என்போரிடம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. என் அனுபவம் சின்னதுதான். கதிர்வீச்சு வரும் என்று சண்டைக்கு வந்த மேல்மாடி ஆன்ட்டி, வேலை முடிந்தபின் வீடு சூடு குறைந்திருக்கிறது என்று எங்களுக்கு மைலோ கலந்து கொடுத்தார்.

சிராங்கூன் கார்டன்ஸ்:
நான் தரைவீட்டுக்காரன். மீந்த மின்சாரத்துக்கு பில்லில் கழிவு கிடைக்கும். பக்கத்து வீட்டை இடித்து மூன்று மாடி எழுப்பினார்கள். மாலை மூன்றானால் கைப்பேசிச் செயலியில் மின்உற்பத்திக் கோடு கத்தியால் வெட்டியதுபோல் விழுகிறது. நோன்புப் பெருநாளுக்கு அந்த வீட்டுக்காரரே குவே லாப்பிஸ் கொண்டுவந்து, "சோலார் எப்படி ஓடுது, நானும் போடலாமா?" என்றார். வாயில் குவே இருந்ததால் தப்பித்தேன். இன்னும் மனம் ஆறவில்லை.

பொங்கோல் தம்பி:
அண்ணே, தகடுகளைச் சரமாக இணைத்திருப்பார்கள். இரண்டு மூன்றில் நிழல் விழுந்தாலே மொத்தச் சரமும் மந்தமாகும். தகட்டுக்குத் தகடு தனித்தனியாகச் சின்ன இன்வர்ட்டர், அதாவது மைக்ரோ இன்வர்ட்டர் வையுங்கள். தெற்கு பார்த்து வை என்று யூடியூப்பில் வரும் யோசனையை விடுங்கள். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மழைநீர் வழிந்து தூசியைக் கழுவும் அளவுக்குச் சாய்வு இருந்தால் போதும். அப்புறம், தெம்பனிஸ் அண்ணன் பேட்டரி என்கிறார். நம் ஊரில் பெரிய தட்டுப்பாடே இடம்தான். அதனால்தான் 2021இல் தெங்கே நீர்த்தேக்கத்தில் 122,000 தகடுகளை மிதக்கவிட்டார்கள், 60 மெகாவாட் பீக், அதாவது நல்ல வெயிலில் கிடைக்கும் உச்ச அளவு. 2030க்குள் குறைந்தது 2 ஜிகாவாட் பீக் என்று அப்போது இலக்கு வைத்தார்கள். புதிய பேட்டை கட்டும்போதே எந்தக் கட்டடத்தின் நிழல் எந்தக் கூரையில் விழும் என்று பார்க்க வேண்டாமா? கூரையில் தண்ணீர்த் தொட்டியைக் கண்ட இடத்தில் வைத்துவிட்டுத் தகட்டை எங்கே போடுவது? என் அனுபவமா? எங்கள் புளோக்கில் தகடு இருப்பதே நகர மன்றச் செய்திமடல் வந்தபின்தான் தெரியும்.

சிராங்கூன் கார்டன்ஸ்:
தம்பி, மைக்ரோ இன்வர்ட்டர் விலை கேட்டுவிட்டேன். வீட்டம்மா முதலில் வாசல் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்கிறார்.