கறுப்புத் தேநீர்க் குடுவையில் தங்கப் பூவேலை உதிர்கிறது, கழுவலாமா?

கேள்வி:
இங்கிலாந்தில் டெல்ஃபோர்டு பக்கம் இருக்கிறேன். பழம்பொருள் சந்தையில் பளபளவென்று கறுப்பாக ஒரு சின்னத் தேநீர்க் குடுவை வாங்கினேன். மூடி மேல் ஒரு பறவை, அடியில் மூன்று கால், வயிற்றுப் பக்கம் கொடியும் இலையுமாகத் தங்கத்தில் ஏதோ இருந்திருக்கிறது, இப்போது அங்கங்கே பொட்டுப் பொட்டாகத்தான் மிச்சம். விற்றவர் 18ஆம் நூற்றாண்டு ஜாக்ஃபீல்டு (அந்த ஊர்ப் பெயரில் வழங்கும் கறுப்புப் பளபளப்பு மண்பாண்டம்) என்கிறார், வெந்நீரில் சோடா போட்டு ஊறவைத்தால் அழுக்குப் போய்விடுமாம். செய்யலாமா? தங்கத்தைத் திரும்பப் பூசலாமா? நகலோ என்றும் சந்தேகம்.

பதில்:
ஊறவைக்கவே வேண்டாம். அந்தக் காலத்தில் இவற்றின் தங்கத்தைப் பெரும்பாலும் சூளையில் சுடவில்லை, எண்ணெய்ப் பசை தடவி அதன் மேல் ஒட்டினார்கள், அதனால்தான் இன்று கிடைப்பதில் பல மொட்டையாக இருக்கின்றன. சோடா பட்டால் மிச்சமிருக்கும் பொட்டும் போகும். உள்ளே இருப்பது சாதாரண மண் என்பதால் மெருகு (மேலே சுட்டு ஏற்றிய கண்ணாடி போன்ற பூச்சு) பெயர்ந்த இடம் வழியாகத் தண்ணீரையும் குடிக்கும். காய்ந்த மென்மையான தூரிகையால் தூசி தட்டுங்கள். தங்கம் இல்லாத இடத்தை மட்டும், பஞ்சை நனைத்து நன்றாகப் பிழிந்து துடைக்கலாம்.

அப்புறம், அடி விளிம்பில் மெருகு படாத இடத்தில் மண் என்ன நிறம்? விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் இலைகளின் தடம் மங்கலாகத் தெரிகிறதா?

கேட்டவர்:
செங்கல் நிறம், கொஞ்சம் ஊதா கலந்தது. தடம் தெரிகிறது, ஒரு இலை முழுசாகவே!

பதில்:
அப்படியானால் வெட்ஜ்வுட் என்ற ஆங்கிலேய மண்பாண்ட நிறுவனத்தின் கறுப்பு பசால்ட் வகை இல்லை, அது உள்ளே வெளியே எல்லாம் கறுப்பு, மெருகும் கிடையாது. பசை இருந்த தடம் தெரிவது நல்ல அறிகுறி. விக்டோரியா காலத்து நகல்களில் கண்ணாடி போல மின்னும் தங்கத்தைச் சுட்டே ஏற்றியிருப்பார்கள், அது இப்படி உதிராது. ஆனால் "ஜாக்ஃபீல்டு" என்று விற்பவர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். ஷ்ராப்ஷயரில், உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, செவெர்ன் ஆற்றங்கரையில் தர்ஸ்ஃபீல்டு குடும்பம் செய்தது உண்மைதான், ஆனால் அதே மாதிரி ஸ்டாஃபோர்டுஷயரில் ஏராளமாகச் செய்தார்கள். முத்திரை இருக்காது, எனவே தோற்றத்தை மட்டும் வைத்து எந்த ஊர் என்று சொல்ல முடியாது.

இன்னொருவர்:
மறுபடி தங்கம் பூசினால் விலை இறங்கும், பழைய தடமும் மூடிப்போகும். அதில் தேநீர் போட்டுக் குடிக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், அது காரீயம் கலந்த மெருகு, நஞ்சு.

கேட்டவர்:
சரி, சோடா பொட்டலம் சமையலறைக்கே திரும்புகிறது. ஒரு தூரிகை வாங்கிக்கொள்கிறேன்.