ஞானஸ்நானம் பெறாமல் போன பிள்ளை, செலுத்தாத நேர்த்தி: தாய்க்கு என்ன சொல்வது?

கொள்ளிடக்கரை (கேள்வி)

திருக்காட்டுப்பள்ளி பக்கத்துக் கிராமம். பிறந்த 5ஆம் நாள் ஆண் குழந்தை தஞ்சாவூரில் மருத்துவமனையில் தவறிவிட்டது. இன்றோடு 12 நாள். தகப்பன் கத்தோலிக்கர், தாய் பொறையாறு பக்கத்து லுத்தரன் வீட்டுப் பெண். ஞானஸ்நானம் கொடுக்க முடியாமல் போயிற்று. பிள்ளை பிறந்தால் வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டி, முதல் முடி இறக்குவதாக நேர்ந்திருந்தார்கள். "நேர்த்தி தாமதமானதால்தான் மாதா எடுத்துக்கொண்டாள்", "பிள்ளை மோட்சம் பார்க்காது" என்று சொந்தக்காரர்களே பேசுகிறார்கள். அந்தப் பெண் கோயிலுக்கு வருவதில்லை, ஜெபிக்க வாய் வரவில்லை என்கிறாள். அன்பியத்திலிருந்து (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் ஜெபக்குழு) போகிறோம். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?

உபதேசியார்_பூதலூர்

முதலில் அந்த "மோட்சம் பார்க்காது" பேச்சை நிறுத்துங்கள். லிம்போ, அதாவது ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகள் மோட்சமும் நரகமும் இல்லாத ஓரிடத்தில் இருப்பார்கள் என்பது, பழைய இறையியலாளர்களின் கருத்து. திருச்சபை அதை ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவித்ததில்லை. ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறோம் என்கிறது மறைக்கல்வி நூல், எண் 1261. "சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வர இடங்கொடுங்கள்" என்ற ஆண்டவரின் வார்த்தையை அங்கேயே ஆதாரமாகக் காட்டுகிறது. 2007-ல் ரோமிலுள்ள சர்வதேச இறையியல் ஆணையமும் இக்குழந்தைகள் மீட்படைவார்கள் என நம்பப் பலமான காரணங்கள் உண்டு என்றே எழுதியது.

ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் எண்ணியிருந்தாலே போதும், ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கு நடத்தலாம் (திருச்சபைச் சட்டம் 1183). அதனால் பங்குச் சாமியாரிடம் பிள்ளையின் பெயரைச் சொல்லி அவனுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். பெயர் வைக்கவில்லை என்றால் இப்போது வைக்கச் சொல்லுங்கள். பூசையில் அந்தப் பெயர் வாசிக்கப்படும்போது, தன் பிள்ளை ஒரு ஆளாக எண்ணப்பட்டான் என்று தாய் காதால் கேட்பாள்.

நேர்த்தி விஷயம். சட்டம் 1194-ன்படி, நேர்ந்த பொருளோ நிபந்தனையோ இல்லாமல் போனால் நேர்த்திக்கடன் தானே முடிந்துவிடும். முடி இறக்கப் பிள்ளை இல்லை, கடனும் இல்லை. மனசு கேட்கவில்லை என்றால் பங்குச் சாமியாரே விலக்குத் தரலாம், அந்த அதிகாரம் 1196-ல் இருக்கிறது. பெரியவர்கள் கூடியிருக்கும்போது சாமியார் வாயாலேயே இதைச் சொல்லவைத்துவிடுங்கள். நீங்கள் சொன்னால் வாதமாகும், அவர் சொன்னால் அடங்கும். பிறவிக்குருடனைப் பற்றிக் கேட்டபோது இயேசு சொன்ன பதிலும் (யோவான் 9:3) இதுதான்: அவன் செய்த பாவமுமல்ல, பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல.

தரங்கம்பாடி_சபை

தாய் வீட்டு வழியாக ஒன்று சேர்க்கிறேன். 1542-ல் மார்ட்டின் லுத்தர் இப்படிப்பட்ட தாய்மாருக்கென்றே எழுதினார். பிள்ளையை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவர ஏங்கிய தாயின் ஏக்கத்தையே கடவுள் ஜெபமாக ஏற்றுக்கொள்கிறார் என்பது அதன் சாரம். அதற்கு ரோமர் 8:26-ஐக் காட்டினார்: "வாக்குக்கடங்காத பெருமூச்சுகள்". வாய் வரவில்லை என்கிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான வசனம் கிடையாது. அவள் ஏற்கெனவே ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

வாசிக்க 13ஆம் சங்கீதத்தை எடுங்கள். 6 வசனம்தான். முதல் 2 வசனத்தில் "எதுவரைக்கும்" என்று 4 முறை வரும். ஆரம்பத்தில் அந்த இரண்டோடு நிறுத்துங்கள். 5ஆம் வசனத்தின் நம்பிக்கைக்கு அவசரப்பட்டு இழுத்தால், தன் அழுகை தவறு என்று அவள் எடுத்துக்கொள்வாள். நன்றியறிதல் பாட்டு இப்போது வேண்டாம்.

"தாவீதைப் பார், எழுந்து குளித்துச் சாப்பிட்டான்" என்று 2 சாமுவேல் 12-ஐச் சொல்லாதீர்கள். அதற்கு முன் அவன் தரையில் கிடந்து அழுததையும், பிறகு பத்சேபாளுக்கு ஆறுதல் சொன்னதையும் விட்டுவிட்டுத்தான் அதைச் சொல்கிறார்கள். "நான் அதனிடத்துக்குப் போவேன்" என்ற 23ஆம் வசனமும் ஆறுதல்தான், ஆனால் "நானும் போய்விடுகிறேன்" என்று புலம்புகிறவளிடம் அதை வாசிக்கவே கூடாது.

யோபுவின் சிநேகிதர் 7 நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தது சரி, வாய் திறந்ததுதான் தப்பு. போனால் அரைமணி நேரம் இருங்கள், ஒரு வேளைச் சாப்பாடு கொண்டுபோங்கள்.

செவிலி_கும்பகோணம்

தயவுசெய்து அவள் உடம்பையும் கேளுங்கள். பிள்ளை போனாலும் பால் சுரக்கும். வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, அவள் தனியாக வலியில் கிடப்பாள். கனம் தாங்காதபோது வலி குறையும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் பீய்ச்சலாம். முழுதும் பீய்ச்சினால் மேலும் சுரக்கும். குளிர்ந்த துணி வைக்கலாம். நம் பக்கத்தில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள், தோலில் புண் இல்லை என்றால் தடையில்லை. துணியை இறுக்கிக் கட்டக் கூடாது, பால் கட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவர். பால் நிறுத்தும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். பிரசவத்தில் ரத்தக்கொதிப்பு இருந்தவர்களுக்கு ஆபத்து.

குழந்தை அழும் சத்தம் கேட்பது, கை வெறுமையாக வலிப்பது எல்லாம் ஆரம்ப நாட்களில் வரக்கூடியது. ஆனால் தூங்க நேரம் கிடைத்தும் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, செத்துப்போகலாம் என்ற பேச்சு வருகிறது என்றால் ஜெபத்தோடு நிறுத்தாதீர்கள். அவளைத் தனியாக விடாமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலிமானஸ், எண் 14416, தமிழிலேயே பேசலாம், இரவும் எடுப்பார்கள்.

தகப்பனிடமும் ஒருவர் தனியாகப் பேசுங்கள். பெட்டியைக் கையில் ஏந்திப் போனவர் அவர்தான்.

கொள்ளிடக்கரை

மிக்க நன்றி. அடக்கத்தின்போது அவள் மருத்துவமனையில் இருந்தாள். எந்த இடம் என்றே பார்க்கவில்லை.

உபதேசியார்_பூதலூர்

அதைச் சீக்கிரம் சரிசெய்ய வேண்டும். குழிமேடு சின்னது, நம் வண்டல் மண் ஐப்பசி மழையில் இறங்கிச் சமமாகிவிடும். மரச்சிலுவை ஈரத்தில் அடி உளுத்துச் சாயும். அப்புறம் நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று தாய் மெழுகுவர்த்தியோடு எந்த மண்ணில் நிற்பது என்று தெரியாமல் நிற்பாள். இப்போதே நான்கு மூலைக்கும் செங்கல் பதித்துச் சிமெண்ட் பூசி, பெயர் எழுதிய சின்னக் கற்சிலுவை நடுங்கள். முதல் பெருமழைக்குப் பிறகு ஒரு கூடை மண் போட்டு மேட்டை உயர்த்துங்கள்.

உடம்பு தேறி நடக்க முடியும்போது, கூட்டமில்லாத ஒரு சாயங்காலம் கணவரோடு மட்டும் அவளை அனுப்புங்கள். கல்லறைத்தோட்டத்து வாசலில் நீங்கள் நின்றுகொள்ளுங்கள். உள்ளே அவள் எவ்வளவு நேரம் இருந்தாலும் கூப்பிட வேண்டாம்.