நடைபாதையில் படம் எடுத்தேன், மெமரி கார்டு போய்விட்டது
கடந்த ஞாயிறு காலை 7 மணி, புதுச்சேரி டூமா வீதி. நடைபாதையில் நின்று, மஞ்சள் சுவரில் விழுந்த காகிதப்பூ நிழலை நிக்கான் டி5600-இல் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டடத்தின் செக்யூரிட்டி வந்து, "பர்மிஷன் இருக்கா?" என்று அதட்டி மெமரி கார்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார். பாட்டியின் 80-ஆவது பிறந்தநாள் படங்களும் அதில்தான் இருக்கின்றன. வேறு பிரதி இல்லை.

ட்ரைபாட் வைக்கவில்லை, வாசலை மறிக்கவில்லை, தடைப் பலகையும் அங்கே இல்லை. மறுநாள் நிர்வாகியைப் பார்த்தேன். போலீஸிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். காவல் நிலையத்தில் விசாரித்தால், அப்படி எதுவும் வரவில்லையாம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 106-ஆம் பிரிவு பறிமுதல் அதிகாரத்தைப் போலீஸ் அதிகாரிக்குத்தான் தருகிறது, செக்யூரிட்டிக்கு அல்ல. சரி, அதுவரை புரிகிறது.

கார்டைத் திரும்பப் பெற, எந்தப் பிரிவின் கீழ் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும்?