டிவிடி எழுதும்போது கரண்ட் போனது. சி டிரைவில் 8 ஜிபியைக் காணோம்

கேள்வி:
வணக்கம். விண்டோஸ் 7, சி டிரைவ் 60 ஜிபி. அக்கா கல்யாண வீடியோ 4.2 ஜிபி, டி டிரைவில் இருக்கிறது. நேற்று அதை டிவிடி ஐகான் மேல் இழுத்துப் போட்டு எழுதப் பார்த்தேன். பிடிபடவில்லை, விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு பர்னிங் மென்பொருளில் போட்டேன், பாதியில் கரண்ட் போய்விட்டது. நேற்று காலையில் 11 ஜிபி காலியாக இருந்த சி டிரைவ் இப்போது 2.6 என்கிறது. டிஸ்க் கிளீனப் ஓட்டியும் சில எம்பிதான் கிடைத்தது. ஃபார்மேட் செய்ய வேண்டியதுதானா?

பதில் 1:
டிரைவில் பிழை இருக்கிறதா என்று சொல்லும் செக்டிஸ்க் ஓட்டிப் பாருங்கள் நண்பரே.

கேட்டவர்:
ஓட்டினேன். பிழை இல்லை என்கிறது.

பதில் 2:
ஃபார்மேட்டா! வேண்டாம் தம்பி. கணக்கைப் பாருங்கள்: காணாமல் போனது 8.4. உங்கள் வீடியோ 4.2. அதாவது அதே வீடியோ சி டிரைவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

முதலாவது, நீங்கள் இழுத்துப் போட்டது. 'சிடி/டிவிடி பிளேயருக்கு' என்ற முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால், எழுதும் வரை விண்டோஸ் ஒரு நகலைச் சி டிரைவில் வைத்துக்கொள்ளும். யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், பர்ன் என்று வரிசையாகப் போங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும், ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது, மென்பொருள் எழுதுவதற்கு முன் உருவாக்கிய இமேஜ் கோப்பு, அதாவது டிவிடியில் போக வேண்டியதெல்லாம் அடங்கிய ஒரே கோப்பு. வேலை முடிந்ததும் தானே அழித்திருக்கும், கரண்ட் விடவில்லை. அதே லோக்கலுக்குள் டெம்ப் ஃபோல்டரில் அளவு வாரியாக அடுக்கினால் முதலில் நிற்கும். டிஸ்க் கிளீனப் ஏன் தொடவில்லை என்றால், டெம்ப்பில் ஒரு வாரத்துக்கு மேல் பழையதைத்தான் அது அழிக்கும். உங்களுடையது நேற்றையது.

அழிக்கும் முன் டி டிரைவில் மூல வீடியோ கடைசி வரை ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். கல்யாண வீடியோ, விளையாட்டில்லை.

கேட்டவர்:
இரண்டும் இருந்தன அண்ணா! அழித்துவிட்டேன். ஆனால் 6.8தான் காட்டுகிறது?

பதில் 2:
ஒன்று ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். காலி செய்யுங்கள்.

கேட்டவர்:
ஆமாம், இமேஜை மட்டும்தான் பின்னுக்குப் போகாதபடி ஷிஃப்ட் அழுத்தி அழித்தேன். இப்போது 11 ஜிபி! மறுபடி எழுதினால் இதே கதையா?

பதில் 2:
டிவிடி டிரைவின் பிராப்பர்ட்டீஸில் ரெக்கார்டிங் டேபுக்குப் போய் தற்காலிக இடத்தை டி டிரைவுக்கு மாற்றுங்கள். மென்பொருளுக்கு அதன் செட்டிங்ஸில் தனியாக மாற்ற வேண்டும். யுபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லது.

கேட்டவர்:
அந்தப் பாதி டிவிடி?

பதில் 2:
டிவிடியின் மேல் ஆர்டபிள்யூ (RW) என்று போட்டிருந்தால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். வெறும் ஆர் (R) என்றால் ஒருமுறைதான் எழுத முடியும், டீ கிளாஸுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.