சேலை 864 ராண்டுக்குப் போனது, கைக்கு வந்தது 636 ராண்ட் 72 சென்ட்: கணக்கு எங்கே இடிக்கிறது?

சேலைப்பெட்டி (சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா):

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஆயா போன வருடம் தவறிவிட்டார்கள். அவர்கள் பெட்டியில் பட்டுச்சேலை மட்டும் பதினெட்டு இருந்தது. சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தது போக மிச்சத்தை ஆன்லைனில் விற்று, வரும் பணத்தைக் கோயில் அன்னதானத்துக்குக் கொடுப்பது என்று அம்மாவும் நானும் பேசி முடிவெடுத்தோம். முதலில் விற்றது ஒரு மயில்கழுத்து நிறக் காஞ்சிபுரம், மூன்று நாள் வராந்தா கொடியில் காயப்போட்டும் முந்தானையில் அந்துருண்டை வாசனை முழுசாகப் போகவில்லை, அதையும் விளம்பரத்தில் எழுதியேதான் போட்டேன்.

1,200 ராண்ட் விலை வைத்தேன். வார இறுதித் தள்ளுபடி 20 சதவீதம் என்று தளம் கேட்டது, சரி என்று அழுத்திவிட்டேன். அப்புறம் வாங்க வந்த அம்மா இன்னும் 10 சதவீதம் குறைக்கச் சொன்னார், நல்ல மனுஷி, அதற்கும் சம்மதித்தேன். என் கணக்கு இப்படி: மொத்தம் 30 சதவீதம் போனால் 840, அதில் தளத்தின் கமிஷன் 10 சதவீதம், 84 ராண்ட், ஆக 756 வரும். கோயிலில் 750 என்று சொல்லியும் வைத்துவிட்டேன். வங்கியில் வந்து விழுந்தது 636.72.

ரசீதில் விற்ற விலை 864 என்று இருக்கிறது. 840 இல்லை, அதுவே எனக்குப் புரியவில்லை. அதன் கீழே கமிஷன், வாட் (மதிப்புக்கூட்டு வரி), பணம் செலுத்தும் கட்டணம் 3 சதவீதமும் 2 ராண்டும், டெலிவரி 100 என்று வரிசையாக இருக்கிறது. 119 ராண்ட் 28 சென்ட் எங்கே போனது என்று யாராவது நிதானமாகச் சொல்லுங்கள். இன்னும் பதினொரு சேலை இருக்கிறது.

டோங்காட் கணக்கர்:

தங்கச்சி, ஆயாவின் ஆத்மா சாந்தியடையட்டும். பணம் எங்கேயும் தொலையவில்லை, நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே சென்ட் பிசகாமல் ஒத்துப்போகிறது.

முதலில் அந்த 864. இருபதும் பத்தும் முப்பது ஆகாது. முதல் தள்ளுபடி 1,200 மேல் விழுந்து 960 ஆனது, இரண்டாவது அந்த 960 மேல் விழுந்தது, 96 ராண்ட் போய் 864. மொத்தத்தில் குறைந்தது 28 சதவீதம்தான், ஆக இந்த இடத்தில் உங்களுக்கு 24 ராண்ட் லாபம். மற்ற இடத்தில்தான் அடி.

கமிஷன் 864-இல் 10 சதவீதம், 86.40. அதற்கு மேல் தளம் நமக்குச் செய்த சேவைக்கு 15 சதவீதம் வாட் போடுகிறது, 12.96. சேலை விலைக்கு வாட் இல்லை, கமிஷனுக்கு மட்டும். ஆனாலும் நம் பார்வையில் கமிஷன் என்பது 10 சதவீதம் இல்லை, 11.5 சதவீதம். தளங்கள் விளம்பரத்தில் காட்டும் எண்ணின் பக்கத்தில் ‘வாட் தனி’ என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும். வாட் பதிவு செய்த வியாபாரி என்றால் அந்தப் பணத்தைத் திரும்பக் கணக்குக் காட்டிக்கொள்ளலாம், நம்மைப் போல வீட்டிலிருந்து விற்பவர்களுக்கு அது போனது போனதுதான். பணம் செலுத்தும் கட்டணம் 25.92-ம் 2-ம் சேர்ந்து 27.92. டெலிவரி 100.

இப்போது உங்கள் 756-இல் ஆரம்பியுங்கள். தள்ளுபடியில் மிச்சமான 24-ஐக் கூட்டினால் 780. கமிஷன் நீங்கள் நினைத்ததைவிட 2.40 அதிகம், வாட் 12.96, பணக் கட்டணம் 27.92, டெலிவரி 100, எல்லாம் கழித்தால் 636.72. பெரிய ஓட்டை அந்த நூறு ராண்ட். விளம்பரம் போடும்போது ‘இலவச டெலிவரி’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருப்பீர்கள், வாங்குபவருக்குத்தான் அது இலவசம்.

பழைய கிரே தெரு:

கணக்கர் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் ஆறு வருடமாகப் பழைய பட்டும் பித்தளை விளக்கும் விற்கிறேன், அதனால் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எந்தத் தளத்தில் சேர்ந்தாலும் கமிஷன் எத்தனை சதவீதம் என்பதை மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள், எதன் மேல் சதவீதம் என்று கேளுங்கள். உங்கள் தளம் தள்ளுபடி போன பிறகுள்ள விலையில் எடுத்திருக்கிறது, அது நியாயம். ஈபேயில் பொருள் விலையோடு வாங்குபவர் கட்டும் அஞ்சல் கட்டணத்தையும் வரியையும் சேர்த்த மொத்தத்தின் மேல் கட்டணம் போடுகிறார்கள், ஆக வாங்குபவர் டெலிவரிக்குத் தனியாக 100 கொடுத்தாலும் அந்த நூறு முழுசாக நம் கைக்கு வராது. என் தங்கை அமெரிக்காவில் போஷ்மார்க்கில் விற்கிறாள். அங்கே 15 டாலருக்குக் குறைந்த விற்பனைக்கு 2.95 டாலர், 15-லிருந்து மேலே 20 சதவீதம். பத்து டாலர் ரவிக்கைக்கு 2.95 என்றால் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் போச்சு! அதனால் சின்னச் சாமான்களை அவள் தனித்தனியாக விற்பதே இல்லை, மூன்று நான்காகக் கட்டிப் போடுவாள்.

அடுத்தது, தள்ளுபடியை யார் தாங்குகிறார்கள் என்பது. தளம் தன் பணத்தில் கொடுக்கும் கூப்பனும் உண்டு, நம் தலையில் விழும் சலுகையும் உண்டு, திரையில் பார்க்க இரண்டும் ஒரே சிவப்பு எழுத்துதான். நீங்கள் அழுத்திய வார இறுதித் தள்ளுபடி உங்கள் பணத்தில் போனது, ரசீதில் விலையே 864 என்று குறைந்திருப்பதில் அது தெரிகிறது.

நான் ஒவ்வொரு சேலையின் கவரிலும் ஒரு துண்டுச் சீட்டு குத்தி வைப்பேன். அதில் ஒரே ஒரு எண், இதற்குக் கீழே வாங்குபவர் கேட்டால் மறுப்பது என்ற விலை. பேச்சு சூடாக நடக்கும்போது மனக்கணக்குப் போட முடியாது, அதிலும் எதிரில் பேசுபவர் கண்ணீரோடு ‘என் மகள் கல்யாணத்துக்கு’ என்று எழுதினால் மனசு இளகிவிடும். இளகுவது தப்பில்லை, எவ்வளவு இளகலாம் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

சேலைப்பெட்டி:

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. இலவச டெலிவரி டிக் நான்தான் போட்டிருக்கிறேன், இப்போது பார்த்தேன். அடுத்த சேலை அரக்குச் சிவப்பு, இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது. கைக்கு 800 வேண்டும், டெலிவரியும் நானே கொடுக்கிறேன். அப்படியானால் என்ன விலை போடுவது? 800-ஓடு நூற்றுக்குப் பதினைந்து வீதம் கூட்டினால் போதுமா?

டோங்காட் கணக்கர்:

போதாது தங்கச்சி, எல்லோரும் வழுக்கி விழும் இடம் இதுதான். 20 சதவீதக் கமிஷனுக்கு ஈடாக 100 ராண்டை 120 ஆக்கினோம் என்று வையுங்கள், தளம் 120-இல் 20 சதவீதம் எடுக்கும், அது 24. கையில் மிஞ்சுவது 96. நாம் கூட்டியது சிறிய எண்ணின் மேல், அவர்கள் கழிப்பது பெரிய எண்ணின் மேல். அதனால் பெருக்கிக் கூட்டக்கூடாது, வகுக்க வேண்டும்.

உங்களுக்குக் கையில் 800, டெலிவரி 100, நிலையான கட்டணம் 2, சேர்த்தால் 902. சதவீதமாகப் போவது 11.5-ம் 3-ம், 14.5. ஆக விற்ற விலையில் நூற்றுக்கு 85.5 தான் நம்முடையது. 902-ஐ 0.855-ஆல் வகுத்தால் 1,054.97, அதாவது 1,055. இது வாங்குபவர் கடைசியில் கட்ட வேண்டிய விலை. பழையபடி 20-ம் 10-ம் கொடுப்பதாக இருந்தால் அந்த 1,055-ஐ 0.72-ஆல் வகுக்க வேண்டும், 1,465 சொச்சம் வரும், 1,470 என்று போடலாம். போட்டுப் பார்த்தேன், 802.93 கைக்கு வருகிறது.

பழைய கிரே தெரு:

கணக்கு சரி அண்ணே, ஆனால் 1,470 போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாங்குகிறவர்கள் தேடும்போதே ‘1,200 வரை’ என்று வரம்பு வைத்துத்தான் தேடுகிறார்கள், அவர்கள் கண்ணிலேயே இந்தச் சேலை படாது. விலையை ஏற்றி ஏற்றிக் குறைப்பது கடைத்தெருவில் பலிக்கும், அங்கே ஆள் ஏற்கெனவே நம் வாசலில் நிற்கிறார்.

வார இறுதித் தள்ளுபடியை அணைத்துவிடுங்கள் தங்கச்சி. பேரத்துக்கு 10 சதவீதம் மட்டும் வையுங்கள். 1,055-ஐ 0.9-ஆல் வகுத்தால் 1,172, நீங்கள் 1,180 போடுங்கள். பேரம் முடிந்து 1,062-க்குப் போனால் கைக்கு 806. பேரமே இல்லாமல் போனால் 906.90. போன சேலைக்கு நீங்கள் போட்ட 1,200-ஐவிட இது 20 ராண்ட் குறைவு, ஆனால் பேரம் முடிந்தாலும் கைக்கு வருவது கிட்டத்தட்ட 170 ராண்ட் அதிகம். இரட்டைத் தள்ளுபடி அத்தனை தின்றிருக்கிறது.

டோங்காட் கணக்கர்:

சரி அக்கா, அது நான் யோசிக்காத பக்கம். 1,180 போடட்டும்.

பீனிக்ஸ் பையன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் பழைய ஸ்னீக்கர் விற்கிறவன், திரும்பி வரும் பொருளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எனக்கு ஒரு ஜோடி அளவு சரியில்லை என்று திரும்பி வந்தது. கமிஷனைத் திருப்பித் தந்தார்கள், பணம் செலுத்தும் கட்டணத்தைத் தரவில்லை, போக ஒரு பார்சல் வர ஒரு பார்சல் இரண்டும் என் செலவு. விற்காமலே 220 ராண்டுக்கு மேல் நஷ்டம். அன்றிலிருந்து உள்ளங்கால் நீளத்தை அளவுகோல் வைத்துப் படம் எடுத்துத்தான் போடுகிறேன். அக்கா நீங்களும் சேலை நீளம், ரவிக்கைத் துணி இருக்கிறதா, கறை எங்கே என்று எல்லாம் படத்தோடு போடுங்கள், அந்துருண்டை வாசனையை எழுதியது ரொம்ப நல்லது.

டெலிவரிக்கு வீட்டு வாசல் கூரியர் 100 என்றால் பூடோ பார்சல் லாக்கரும், பெப் கடையில் பாக்ஸி பார்சல் சேவையும் என்ன விலை என்று விசாரியுங்கள். பட்டுச்சேலை மடித்தால் முக்கால் கிலோதான் வரும், பெரிய பெட்டி தேவையில்லை.

ஒரு சந்தேகம்: வருமான வரிக்கு இதெல்லாம் காட்ட வேண்டுமா?

டோங்காட் கணக்கர்:

தம்பி, உங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே பதில் இல்லை. வீட்டில் உடுத்திய, புழங்கிய சொந்தச் சாமானை விற்பது வேறு, அதற்கு மூலதன ஆதாய வரி பொதுவாக வராது. விற்பதற்காகவே வாங்கி விற்பது வியாபாரம், அந்த லாபம் வருமானம், வரித்துறையான சார்ஸுக்குக் காட்டியே ஆக வேண்டும். நீங்கள் ஸ்னீக்கரை வாங்கித்தானே விற்கிறீர்கள்? அப்படியானால் வாங்கிய விலை, கமிஷன், பார்சல், திரும்பி வந்த செலவு அத்தனைக்கும் ரசீதை எடுத்து வையுங்கள். கைக்கு வந்த பணம் லாபம் இல்லை, வாங்கிய விலையையும் கழித்துவிட்டுத்தான் லாபம்.

சேலைப்பெட்டி:

நேற்று ராத்திரி அம்மாவும் நானும் உட்கார்ந்து பதினொரு சேலைக்கும் சீட்டு எழுதிவிட்டோம், கிரே தெரு அக்கா சொன்ன மாதிரி கவரில் குத்தியாயிற்று. அம்மா கால்குலேட்டரை என்னிடம் கொடுத்துவிட்டு 0.855, 0.855 என்று வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பழைய நூல் சேலை இரண்டு 150 ராண்டுக்கு மேல் போகாது, டெலிவரியும் நம் கையிலிருந்து கொடுத்தால் 26 ராண்ட்தான் மிஞ்சுகிறது, அதனால் அவற்றைக் கோயிலுக்கு வரும் யாருக்காவது கையோடு கொடுத்துவிடப் போகிறோம்.

அரக்குச் சிவப்பை 1,180-க்குப் போட்டிருக்கிறேன், இலவச டெலிவரிக் கட்டத்தில் தெரிந்தே டிக். காலையில் ஒருவர் 950 கேட்டார். சீட்டைப் பார்த்தேன், 1,055 என்று இருந்தது, மரியாதையாக மறுத்து எழுதிவிட்டேன். கோயிலில் சொன்ன 750-க்கு முதல் சேலையில் விழுந்த 113 ராண்ட் 28 சென்டை அம்மா தன் பையிலிருந்து போட்டுக் கட்டிவிட்டார்கள்.